ஆய்வுக்கூடங்களில் பயிற்சி பெற்றோர் பற்றாக்குறை

சித்த மருத்துவர்கள் விடியற்காலைச் சிறுநீரில் எண்ணெய்த் துளியை விட்டு, அது பாம்பென நீள்கிறதா, மோதிரமென வளைகிறதா, முத்தென நிற்கிறதா என்று நெய்க்குறி பார்த்தார்கள். யூனானி ஹகீம்கள் 'காரூரா' எனப்பட்ட கண்ணாடிக் குடுவையை வெளிச்சத்தில் ஏந்தி நிறத்தையும் படிவையும் ஆராய்ந்தார்கள். இரு மரபுகளிலும் சோதித்தவரும் மருந்து கொடுத்தவரும் ஒருவரே. தாம் கண்ட குறியைத் தாமே நம்பி, தம் பொறுப்பிலேயே சிகிச்சையைத் தொடங்கினார். குறி தவறானால் பழியும் அவருடையதே.

இருபதாம் நூற்றாண்டில் இந்த இரு பணிகளும் பிரிந்தன. நோயாளியைக் காண்பவர் மருத்துவர். நோயாளியின் குருதியைக் காண்பவர் வேறொருவர். இந்த இரண்டாமவரை நோயாளி பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. ஊசியைக் குத்திக் குருதி எடுப்பவரையே 'லேப்காரர்' என எண்ணிக்கொள்கிறோம். அவர் எடுத்துச் சென்ற குழாயை வாங்கி, சோதித்து, கிடைத்த எண் மெய்யானதா என்று தீர்மானித்து, மருத்துவர் மேசைக்கு அனுப்புபவர் கண்ணாடிக் கதவுக்கு உள்ளேயே இருந்துவிடுகிறார். அவரே ஆய்வுக்கூட அறிவியலாளர். உலகின் பல நாடுகளில் இன்று இவர்கள் போதிய அளவில் இல்லை. செல்வத்தில் முதன்மையான அமெரிக்காவிலேயே இக்குறை நெடுங்காலமாக இருந்துவருகிறது என்பதால், காரணங்களைத் தேடுவதற்கு அந்நாடே தகுந்த இடம்.

அதற்கு முன் ஒரு வினாவுக்கு விடை கண்டாக வேண்டும். 'சோதனைகளை எல்லாம் இயந்திரங்கள் செய்கின்றன. பொத்தானை அழுத்த இவ்வளவு படிப்பு எதற்கு?' என்று படித்தவர்களே கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஓர் எடுத்துக்காட்டால் விடை கூறலாம்.

நள்ளிரவில் ஒரு குருதிக் குழாய் ஆய்வுக்கூடத்துக்கு வருகிறது. இயந்திரம் பொட்டாசியம் 7.8 என்று அச்சிடுகிறது. லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்கவேண்டிய பொருள் இது. இந்த அளவு உண்மையென்றால் இதயம் எந்நேரமும் நின்றுவிடக்கூடும். பயிற்சியற்றவர் பதறி உடனே வார்டுக்குத் தொலைபேசியில் அழைப்பார். பயிற்சி பெற்றவரோ அதே தாளில் கால்சியத்தின் அளவைப் பார்ப்பார். அது உயிருள்ள மனிதரிடம் இருக்கவியலாத அளவுக்குத் தாழ்ந்திருந்தால் அவருக்கு உண்மை விளங்கிவிடும். குருதி உறையாமல் இருக்கச் சில குழாய்களில் இ.டி.டி.ஏ. என்னும் உப்பு பூசப்பட்டிருக்கும். அவ்வுப்பில் பொட்டாசியம் உண்டு. அது கால்சியத்தைப் பிணைத்துக்கொள்ளும். யாரோ அவசரத்தில் அந்தக் குழாயின் குருதியை இந்தக் குழாயில் ஊற்றியிருக்கிறார்கள். ஆகவே எண் தவறு, நோயாளிக்கு ஒன்றுமில்லை. அவர் முடிவை நிறுத்திவைத்துப் புதிய குருதி கேட்பார். அவர் இடத்தில் வேறொருவர் இருந்திருந்தால், பொட்டாசியத்தைக் குறைக்க இன்சுலின் செலுத்தப்பட்டிருக்கும். பொட்டாசியம் சரியாகவே இருந்த ஒரு மனிதரின் உடலில் அது ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்திருக்கும்.

இத்தகையவை அன்றாடம் நிகழ்பவை. சிலருடைய குருதியில் அதே இ.டி.டி.ஏ. உப்பின் காரணமாகத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இயந்திரம் கொத்துக்களை எண்ணத் தெரியாமல், டெங்கு நோயாளியின் எண்ணிக்கையைப் போல மிகக் குறைத்துக் காட்டும். கண்ணாடித் தகட்டில் ஒரு பூச்சு இட்டு நுண்ணோக்கியில் பார்ப்பவருக்கே அந்தக் கொத்துக்கள் தெரியும். அவர் சிட்ரேட் குழாயில் மீண்டும் குருதி வாங்கி எண்ணுவார். அணுக்களிலிருந்து பிரிக்கப்படாமல் அறைவெப்பத்தில் காத்திருக்கும் குருதியில் சர்க்கரை மணிக்கு ஏறத்தாழ 5 முதல் 7 விழுக்காடு வரை குறைந்துகொண்டே போகும். தொலைவிலுள்ள சேகரிப்பு மையத்திலிருந்து மூன்று மணி நேரம் பயணித்து வந்த குழாயின் சர்க்கரை அளவை அப்படியே நம்பலாகாது என்பது இயந்திரத்துக்குத் தெரியாது.

இயந்திரம் சரியாக இருக்கிறதா என்பதை அறியவும் மனிதரே வேண்டும். அளவு முன்பே தெரிந்த மாதிரியை நாள்தோறும் இயந்திரத்தில் இட்டு, கிடைக்கும் எண்களை வரைபடத்தில் குறித்துவருவார்கள். லீவி, ஜென்னிங்ஸ் என்னும் இருவர் 1950இல் இம்முறையை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தனர். எந்தப் புள்ளி வரம்பு மீறினால் சோதனையை நிறுத்தவேண்டும் என்பதற்கு வெஸ்ட்கார்ட் 1981இல் விதிகள் வகுத்தார். விதிகளை மனப்பாடம் செய்வது எளிது. வரைபடத்தின் புள்ளிகள் ஒரு வாரமாக மெல்ல மெல்ல ஒரே பக்கம் சாய்ந்து வருவதைக் கண்டு, 'வரம்பு மீறவில்லை, ஆயினும் ஏதோ சரியில்லை' என்று வேதிப்பொருளை மாற்றுவதற்குத்தான் பழக்கம் வேண்டும்.

இத்தாலியின் பாதுவா நகர மருத்துவமனையில் செய்யப்பட்ட ஓர் ஆய்வு 1997இல் வெளிவந்தது. 40,490 சோதனைகளில் 189 பிழைகள் கண்டறியப்பட்டன. அவற்றுள் 68.2 விழுக்காடு, குருதி இயந்திரத்தை அடைவதற்கு முன்பே நேர்ந்தவை. இயந்திரத்தின் கட்டத்தில் நேர்ந்தவை 13.3 விழுக்காடு மட்டுமே. பத்தாண்டு கழித்து அதே ஆய்வுக்கூடத்தில் மீண்டும் பார்த்தபோதும் முன்னது 61.9 விழுக்காடாக இருந்தது. இயந்திரம் எவ்வளவு சிறந்தாலும் பெரும்பாலான பிழைகள் அதன் எல்லைக்கு வெளியே நிகழ்கின்றன என்பதே இதன் பொருள்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. இத்துறையின் பெருமை பேசுவோர், 'மருத்துவ முடிவுகளில் 70 விழுக்காடு ஆய்வுக்கூடத்தைச் சார்ந்தவை' என்று திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த நிருவாகி ஒருவர் 1996இல் எழுதிய கட்டுரையில் 60 முதல் 70 விழுக்காடு என்று குறித்தார். அதற்கு வெளியிடப்பட்ட அளவீடு எதுவும் அடிப்படையாக இல்லை. 2011இல் பிரித்தானிய ஆய்வாளர் ஒருவர் இக்கூற்றின் வேரைத் தேடிச்சென்று, சான்று போதாது என்று எழுதினார். எண்களின் மெய்ம்மையைக் காப்பதே தொழிலாகக் கொண்டவர்கள், தம்மைப் பற்றிய ஓர் எண்ணை மட்டும் சோதிக்காமல் ஏற்றுக்கொண்டது வியப்பே. அந்த எண் இல்லாமலும் அவர்களின் வழக்கு வலுவானதுதான்.

இனி அமெரிக்காவுக்கு வருவோம். அங்கே மருத்துவ நோயியலாளர் கழகம் 1922இல் தோன்றியது. ஆய்வுக்கூடப் பணியாளருக்கான பதிவேடு 1928இல் திறக்கப்பட்டது. பதிவு பெற்றோரில் பெரும்பாலோர் பெண்கள். மருத்துவரின் மேற்பார்வையிலேயே பணியாற்றுவோம், நோய் இன்னதென்று தாமே கூறமாட்டோம் என்பது அவர்கள் ஏற்ற நெறி. காலத்துக்கேற்ற ஒழுங்கு அது. ஆயினும் இத்தொழில் வெளியுலகுக்குத் தெரியாமல் போனதன் தொடக்கமும் அங்கேயே இருக்கிறது. செவிலியர் தமக்கெனத் தனிச் சட்டமும் உரிமமும் பெற்று ஒரு தொழிலாக எழுந்தனர். ஆய்வுக்கூடத்தவருக்கோ இன்றளவும் ஏறத்தாழ பன்னிரண்டு மாநிலங்களில் மட்டுமே மாநில உரிமம் கட்டாயம்.

அக்காலத்தில் பயிற்சி மருத்துவமனைக்குள்ளேயே நடந்தது. கல்லூரியில் மூன்றாண்டு அறிவியல் பயின்ற மாணவர் நான்காம் ஆண்டை மருத்துவமனையில் கழிப்பார். குருதியியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், குருதி வங்கி என ஒவ்வொரு மேசையிலும் சில வாரங்கள் அமர்ந்து கற்பார். 1970களில் இத்தகைய பயிற்சித் திட்டங்கள் நாடெங்கும் 700 அளவில் இருந்தன. இன்று அதில் மூன்றில் ஒரு பங்கு அளவே எஞ்சியுள்ளது.

அவை ஏன் மூடப்பட்டன? விடை கணக்குப் புத்தகத்தில் உள்ளது. 1983 வரை முதியோருக்கான அரசுக் காப்பீடு, மருத்துவமனை செலவிட்டதற்கேற்பப் பணம் தந்தது. சோதனை பெருகினால் வருவாயும் பெருகியது. ஆய்வுக்கூடம் வருமானம் தரும் துறை. அவ்வாண்டு முறை மாறியது. இன்ன நோய்க்கு இவ்வளவு என்று முன்கூட்டியே தொகை வரையறுக்கப்பட்டது. ஒரே இரவில் ஆய்வுக்கூடம் செலவுத் துறையாகிவிட்டது. செலவைக் குறைக்க முற்பட்ட மருத்துவமனை நிருவாகங்கள், உடனடிப் பயன் தராத பயிற்சிப் பள்ளிகளையே முதலில் மூடின. மூடிய ஆண்டில் எவருக்கும் குறை தெரியவில்லை. அன்று பணியிலிருந்தோர் இளைஞர்கள். அவர்கள் ஓய்வு பெறும் வயதை எட்டியபோது அவர்களின் நாற்காலிகளில் அமர ஆளில்லை.

இதற்கிடையே மற்றொரு நிகழ்ச்சி. கருப்பைவாய்ப் புற்றுநோயைக் கண்டறியும் தகடுகளைச் சில தனியார் கூடங்கள், தகட்டுக்கு இவ்வளவு கூலி என்ற கணக்கில், கண் களைக்கும் வரை படிக்கச் செய்தன. புற்றணுக்கள் தவறவிடப்பட்டன. 'வால் ஸ்டிரீட் ஜர்னல்' நாளிதழ் 1987இல் இதை வெளிக்கொணர்ந்தது. 1988இல் ஆய்வுக்கூடங்களுக்கான கூட்டாட்சிச் சட்டம் பிறந்தது. ஒருவர் 24 மணி நேரத்தில் 100 தகடுகளுக்கு மேல் படிக்கலாகாது என்ற வரம்பு அச்சட்டத்தின் வழி வந்ததே. ஆள் குறைந்த இடத்தில், இருப்பவரைக் கொண்டே எல்லாவற்றையும் முடிக்கும் ஆசை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இது சான்று.

ஊதியத்தையும் பார்க்கவேண்டும். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2023 மே மாதக் கணக்குப்படி, பதிவு பெற்ற செவிலியரின் இடைநிலை ஆண்டு ஊதியம் 86,070 டாலர். ஆய்வுக்கூட அறிவியலாளரையும் தொழில்நுட்பரையும் சேர்த்துக் கணக்கிட்டால் அது 60,780 டாலர். ஏறத்தாழ ஒரே அளவு படிப்பு. இருவருக்கும் இரவுப் பணி உண்டு. பிளஸ் டூ படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளைப் போலவே அந்நாட்டுப் பிள்ளைகளும் கணக்குப் போடத் தெரிந்தவர்கள். ஆண்டுதோறும் ஏறத்தாழ 24,000 இடங்கள் காலியாகும் என்று அத்துறை அப்போது மதிப்பிட்டிருந்தது. அங்கீகாரம் பெற்ற பயிற்சித் திட்டங்களிலிருந்து வெளிவருவோர் அதில் பாதியைக்கூட நிரப்புவதில்லை.

குறையைப் போக்க அங்கே கையாளப்படும் வழிகளில் எல்லாம் ஒரே தரத்தனவல்ல. மிக எளிய வழி, தகுதியின் வரையறையைத் தளர்த்துவது. செவிலியர் பட்டத்தை உயிரியல் பட்டத்துக்கு நிகராகக் கருதலாம் என்று 2016இல் அரசுத் துறை ஒரு குறிப்பாணை அனுப்பியபோது ஆய்வுக்கூடத்தார் கடுமையாக எதிர்த்தனர். படுக்கையருகில் விரல்நுனிக் குருதியில் சர்க்கரை பார்ப்பதற்குச் செவிலியர் போதும் என்பதில் ஐயமில்லை. சிக்கலான சோதனைகளுக்கு அது பொருந்தாது என்ற எதிர்ப்பு, வெறும் தொழிற்போட்டி அன்று என்பதே நம் கருத்து. இதே ஆண்டுகளில்தான் ஒரு துளிக் குருதியில் எல்லாச் சோதனையும் செய்வோம் என்று முழங்கிய தெரனோஸ் நிறுவனம் சரிந்தது. தரக்கட்டுப்பாட்டு மாதிரிகள் தவறுவதைக் கண்டு, அதை வாய்விட்டுக் கூறியவர், கல்லூரி முடித்துச் சில காலமே ஆன ஆய்வுக்கூடப் பணியாளர் ஒருவர். 2016 சனவரியில் அரசு ஆய்வாளர்கள் அக்கூடத்தின் நடைமுறைகள் நோயாளிகளுக்கு உடனடி ஆபத்து என்று அறிவித்தார்கள். நிறுவனரை 2022 சனவரியில் நடுவர் குழு குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது. கோடிக்கணக்கில் முதலீடு செய்தோருக்குத் தெரியாதது, தினந்தோறும் வரைபடத்தில் புள்ளி வைத்தவருக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாவது வழி வெளிநாட்டவரை வரவழைப்பது. பிலிப்பைன்ஸ் இதில் முன்னணியில் உள்ளது. அந்நாடு 1969லேயே 5527ஆம் குடியரசுச் சட்டத்தின் மூலம் ஆய்வுக்கூடத் தொழிலுக்குத் தேர்வும் உரிமமும் வகுத்துவிட்டது. தொழிலுக்கு மதிப்பிருந்ததால் மாணவர் சேர்ந்தனர்; மாணவர் சேர்ந்ததால் வெளிநாட்டுக்கும் அனுப்ப முடிந்தது. அனுப்பியதால் அந்நாட்டு மருத்துவமனைகள் இழந்தது வேறு கதை.

மூன்றாவது தானியங்கிமயம். இயல்பான முடிவுகளைக் கணினியே சரிபார்த்து வெளியிடுகிறது. முன்பு ஒரு நாள் பிடித்த பாக்டீரியா இனங்காணலை, கிருமி வளர்ந்தபின் நிறைமாலை அளவி சில நிமிடங்களில் முடிக்கிறது. இவை பெரும் உதவிதான். எனினும் எளியவற்றையெல்லாம் இயந்திரம் எடுத்துக்கொண்டால் மனிதரிடம் எஞ்சுவன கடினமானவை மட்டுமே. முன்பு புதியவர் எளிய நூறு மாதிரிகளைப் பார்த்துப் பழகியபின் கடினமான ஒன்றை எதிர்கொண்டார்; இனி முதல் நாளே கடினமானதைச் சந்திக்கவேண்டும். ஆகத் தேவைப்படும் ஆட்கள் குறையலாம், தேவைப்படும் பயிற்சி கூடுகிறது.

எஞ்சிய வழி மீண்டும் பயிற்றுவிப்பது. அங்கேதான் முடிச்சு இறுகியுள்ளது. மாணவரை மேசையருகே நிறுத்திக் கற்பிக்கவேண்டியவர் அதே மேசையில் வேலை செய்பவரே. ஆள் குறைந்த கூடத்தில் அவருக்கு நேரமில்லை. ஆகவே மருத்துவமனை மாணவரை ஏற்க மறுக்கிறது. மாணவர் வராததால் ஆள் மேலும் குறைகிறது. கல்லூரிகளில் இடம் இருந்தும் மருத்துவமனைப் பயிற்சிக்கு இடமில்லாமல் சேர்க்கையைக் குறைத்த திட்டங்கள் உண்டு. இதை அவிழ்க்கச் சிலர் நல்ல முயற்சிகள் செய்துவருகின்றனர். அடிப்படைத் திறன்களைக் கல்லூரியிலேயே மாதிரி ஆய்வுக்கூடம் அமைத்துக் கற்பித்துவிட்டு, மருத்துவமனைக் காலத்தைச் சில வாரங்களாகச் சுருக்குகிறார்கள். அரிய நோய்களின் தகடுகளைக் கணினியில் பதிந்து பல ஊர்களுக்கும் அனுப்புகிறார்கள். பயிற்றுவிப்பவருக்கு அதற்கெனத் தனி ஊதியமும் தனி நேரமும் ஒதுக்காதவரை இவற்றால் மட்டும் குறை தீராது.

நம் நாட்டில் நிலை வேறு. இங்கே சான்றிதழ் வைத்திருப்போருக்குப் பஞ்சமில்லை. அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஈராண்டு டி.எம்.எல்.டி. படிப்பு நெடுங்காலமாக உள்ளது. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின்கீழ் இளநிலைப் பட்டமும் உண்டு. இவற்றுக்கு வெளியே, நோயாளியே வராத மாடி அறைகளில் நடக்கும் பயிலகங்களும் அதே மூன்றெழுத்தோ நான்கெழுத்தோ கொண்ட சான்றிதழ்களை வழங்கின. யார் எதைக் கற்றார் என்று சொல்ல நாடு தழுவிய பதிவேடு எதுவும் இல்லை. மருத்துவருக்கு உண்டு, செவிலியருக்கு உண்டு, மருந்தாளுநருக்கு 1948 முதல் தனிச் சட்டமே உண்டு. ஆய்வுக்கூடத்தவருக்கு மட்டும் இல்லை. ஆய்வுக்கூடங்களுக்கான தேசியத் தரச்சான்று தானாக விரும்பிப் பெறுவதே. 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நோயியலில் பட்டமேற்படிப்பு முடித்த பதிவு பெற்ற மருத்துவரே ஆய்வறிக்கையில் ஒப்பமிடவேண்டும் என்றது. ஒப்பம் யாருடையது என்பது அதனால் தெளிவாயிற்று. சோதனையைச் செய்த கை யாருடையது என்ற வினா அப்படியே நின்றது.

அதன் விலை 2020இல் தெரிந்தது. சனவரியில் கொரோனா வைரஸைச் சோதிக்க நாடு முழுமைக்கும் புனேயிலுள்ள தேசிய நச்சுயிரியல் நிறுவனம் ஒன்றே இருந்தது. ஆண்டு முடிவதற்குள் கூடங்கள் 2,000த்தைத் தாண்டின. தமிழ்நாடு விரைவுச் சோதனைகளை நாடாமல் ஆர்.டி.பி.சி.ஆர். முறையையே பெரிதும் சார்ந்து நின்றது. அதற்கு நுண்ணுயிரியல் துறைகளின் ஆய்வு மாணவர்களும் அழைக்கப்பட்டனர். இயந்திரத்தை விமானத்தில் இறக்கலாம். ஒரு துளி பிறழ்ந்தால் ஒரு தட்டு முழுவதும் கெடும் என்பதை உணர்ந்த கையை அப்படி இறக்குமதி செய்ய இயலாது.

மறு ஆண்டே, 2021 மார்ச்சில், துணைநிலை மற்றும் நலவாழ்வுத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் நிறைவேறியது. துணைநிலைத் தொழிலருக்குக் குறைந்தது 2,000 மணி நேரமும், நலவாழ்வுத் தொழிலருக்கு 3,600 மணி நேரமும் படிப்பு வேண்டும் என்று அது வரையறுத்தது. ஒவ்வொரு மாநிலமும் தன் மன்றத்தை அமைத்துப் பதிவேடு தொடங்கவேண்டும் என்றது. மாநிலங்கள் தாமதித்தன. மூன்றாண்டு கழித்து, 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தலையிட்டுக் கெடு விதிக்க நேர்ந்தது.

இந்தத் தாமதத்தின் ஒரு முரணைக் கடலோர ஊர்களின் வாசகர்கள் நன்கு அறிவார்கள். வளைகுடா நாடுகளில் ஆய்வுக்கூடப் பணிக்குச் செல்லும் இளைஞர், தம் சான்றிதழ்கள் மெய்யானவையா எனக் கல்லூரி வரை சென்று சரிபார்க்கப்பட்டு, தகுதித் தேர்வு எழுதி, உரிமம் பெற்ற பின்னரே பணியில் அமர்கிறார். சவூதி அரேபியாவில் இதற்கான நலவாழ்வுச் சிறப்புத் தகுதிகள் ஆணையம் 1992 முதல் உள்ளது. அந்நாட்டில் அவர் பெயர் ஒரு பதிவேட்டில் இருக்கிறது. ஆண்டுதோறும் இத்தனை மணி நேரம் தொடர்கல்வி பெற்றதாகக் கணக்குக் காட்டவேண்டும். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பிக் கடைத்தெருவில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் சேரும்போது, இவற்றில் எதையும் எவரும் கேட்டதில்லை. அருகில் அமர்ந்திருப்பவர் ஆறு மாதம் படித்தவரா, ஆறு வாரம் பழகியவரா என்பதும் அவருக்குத் தெரியாது. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே சம்பளம்.

மாநில மன்றங்கள் பதிவைத் தொடங்கும்போது, ஏற்கெனவே பணியிலிருக்கும் பல்லாயிரவரை என்ன செய்வது என்ற இக்கட்டு எழும். அனைவரையும் அப்படியே சேர்த்துக்கொண்டால் பதிவேட்டுக்குப் பொருளில்லை. அனைவரையும் விலக்கினால் பல சிற்றூர்களில் கூடங்கள் மூடப்படும். நுண்ணோக்கியின் முன் அமர்த்தி ஒரு செய்முறைத் தேர்வு வைத்து, தவறுவோருக்கு அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரியில் மூன்று மாதமோ ஆறு மாதமோ மேசைப் பயிற்சி தருவது நடைமுறைக்கு ஏற்ற வழியாகத் தோன்றுகிறது. மலேரியாத் தகடு ஒன்று, கொத்துப் பிடித்த தட்டணுக்கள் உள்ள தகடு ஒன்று, பொட்டாசியமும் கால்சியமும் பொருந்தாத ஓர் அறிக்கை: தேர்வுக்கு இம்மூன்று போதும். பயிற்சிக் காலத்துக்கான உதவித்தொகையை யார் தருவது என்பதுதான் இன்னும் பேசப்படவில்லை.